குயிற்குடி ஊரார் பேரால்

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரையில் முதுகலை படிக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் துறை மாணவர் மன்றத்துக்கு என்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கருத்தரங்கு நடத்தினால் சான்றிதழ் கிடைக்கும், படிப்புக்கும் உதவும் என்கிறார்கள் சிலர். கிராமத்துக்குப் போய் ஏதாவது செய்யலாம் என்கிறார்கள் மற்றவர்கள். கையில் இருப்பது மன்றக் கட்டணமாக வசூலான சிறு தொகைதான். எதைச் செய்யட்டும்?

ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிறு காலையில் இரண்டு கட்சியையும் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போய் வாருங்கள். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம்தான். அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது சமணர் மலையில் இருக்கும் செட்டிப்புடவு என்ற குகை. அங்கே சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் சிற்பத்தோடு, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. குறண்டி அட்டஉபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர், அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள், குயிற்குடி ஊரார் பேரால் செய்வித்த திருமேனி என்பது அதன் செய்தி. குயிற்குடி என்பது இந்தக் குயில்குடிதான், திருமேனி என்பது அந்தச் சிலை.

குறண்டி அந்தக் காலத்துச் சமணப் பள்ளி இருந்த ஊர். ஆசிரியர், மாணாக்கர், அவருக்கும் ஒரு மாணாக்கர் என்று மூன்று தலைமுறைப் படிப்பு அந்தச் சில வரிகளில் இருக்கிறது. அத்தனை படித்தவர் மலையில் ஒரு சிலை செய்விக்கும்போது அதை ஊரார் பேரில் செய்விக்கிறார். முதன்முதலில் இதைப் படித்த அன்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். படிப்பு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருப்பது அங்கே இல்லை.

சரி, உங்கள் மன்றத்துக்கு வருவோம். கருத்தரங்கை விட்டுவிட வேண்டாம். ஆனால் வெளியிலிருந்து சிறப்பு விருந்தினரைத் தேடாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உங்களில் ஒருவர் தன் ஆய்வேட்டில் ஒரு பகுதியை, வேறு துறைக்காரருக்கும் புரிகிற தமிழில் முக்கால் மணி நேரம் பேசட்டும். கேள்விகள் கடுமையாக இருக்கட்டும். அதே ஆள் அதே விஷயத்தை அடுத்த வாரம் ஒரு கிராமத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கட்டும். தனக்கு எது புரியவில்லை என்பது அவருக்கே அங்கேதான் தெரியும்.

அந்தப் பிள்ளைகளுக்கு உங்களால் ஆகிற வேலை ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024-ல் பையன்களுக்கும் அதேபோலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. பொறியியல் மாதிரித் தொழிற்கல்விக்குக் கலந்தாய்வில் சேர்கிறவர், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு சேர்ந்திருக்கிறதா, எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும் என்பதையெல்லாம் படிக்காத அம்மா அப்பாவிடம் அந்தப் பிள்ளை எப்படிக் கேட்கும்? நீங்கள் எல்லோரும் அந்தக் காகிதங்களைத் தாண்டி வந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். இதற்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை, பஸ் காசு போதும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த கல்லூரியில் ஆண்டு முழுவதும் சேர்ந்த மன்றப் பணம் தொடக்க விழாவின் பேனருக்கும் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்குமே போய்விட்டது. கணக்குக் கேட்க எனக்கு அன்று துணிவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் கணக்கை மாதாமாதம் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள், டீ செலவு உட்பட.

மலைக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று யாரும் சுண்ணாம்போ மாவோ பூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலைச் சாய்வெயிலில் அதுவே தெரியும்.

அன்புடன்,
அண்ணன்