கஷ்டப்படுத்தினால் உறுதி வருமா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

பதினாறு வயதில் அப்பாவை இழந்தவன் நான். பகலில் வேலை, ராத்திரியில் மாமாவிடம் பாடம் என்று படித்து மேலே வந்தேன். என் மகனுக்குக் கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைத்துவிடுகிறது. பள்ளிக் கால்பந்து அணியில் இடம் கிடைக்கவில்லை என்றதும் விளையாட்டையே விட்டுவிட்டான். நான் போய் கோச்சிடம் பேசியும் பலனில்லை. பாக்கெட் மணியை நிறுத்தி, வேண்டுமென்றே கொஞ்சம் கஷ்டப்பட விட்டால் மன உறுதி வருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வராது என்றுதான் நினைக்கிறேன். கஷ்டம்தான் ஆளை உருவாக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டி வந்தவர்கள். அதில் நொறுங்கிப்போனவர்களை யாரும் மேடையேற்றிப் பேசச் சொல்வதில்லை.

ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத குடும்பச் சண்டை என்று பல சுமைகள் சேர்ந்து அழுத்திய பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு தடுமாறினார்கள். ஒரு பங்கு நன்றாகவே வளர்ந்தார்கள். தேறியவர்களுக்குப் பெரும்பாலும் நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார், பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ. அவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு பொறுப்பும் இருந்தது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல. (தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். இதை ஏனோ யாரும் அதிகம் சொல்வதில்லை.)

உங்கள் கடிதத்தில் மாமா ஒரு வரியில் வந்து போய்விடுகிறார். எனக்கென்னவோ அந்தக் கதையில் பெரிய ஆள் அவர்தான்.

இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மேனும் மையரும் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த சோதனை, இன்று படிக்கவே சங்கடமானது. சில நாய்களால் ஒரு பலகையைத் தலையால் அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. வேறு சிலவற்றுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு தாவித் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது முதல் வகை தப்பித்தது, இரண்டாம் வகையில் பெரும்பாலானவை முடங்கிக் கிடந்தன. பட்ட வலி இரண்டுக்கும் ஒன்றுதான். முடங்குவதை நாய்கள் கற்றுக்கொண்டன என்பதுதான் அவர்களின் பழைய விளக்கம். 2016-ல் அதே இருவரும் அதைத் தலைகீழாக்கினார்கள்: முடங்குவது கற்றுக்கொள்வதல்ல, நீண்ட வேதனையில் அது தானாக வருவது, ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

பாக்கெட் மணியை நிறுத்துவது இரண்டாம் வகை. நீங்களாக மனம் மாறும்வரை அவனால் அதில் எதுவும் செய்ய முடியாது. அப்பாவின் மூட் எப்போது நன்றாக இருக்கும் என்று கணிக்க வேண்டுமானால் பழகிக்கொள்வான்.

தவிர, அவன் அளவுக்கு ஒரு கஷ்டம் தானாகவே வந்தது. கோச்சிடம் போய்ப் பேசி, அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டது நீங்கள்தான்.

எங்கே சறுக்கியது என்று அவனையே கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லிவிடாமல். மறுபடி முயல நினைத்தால் கோச்சிடம் அவனே பேசட்டும். தயக்கமாக இருந்தால், என்ன கேட்பது என்று இருவரும் உட்கார்ந்து யோசிக்கலாம்; கூடப் போக வேண்டாம். கால்பந்தே பிடிக்கவில்லை என்றானென்றால் அதையும் நம்புங்கள், விடுவதெல்லாம் கோழைத்தனம் இல்லை. பாக்கெட் மணியை வழக்கம்போலக் கொடுத்துவிடுங்கள்.