புதிய ப்ரோகிராமிங் மொழியில் முதல் ப்ரோகிராமாக எதை எழுதி ஓட்டிப் பார்க்கலாம்?

‘ஹலோ வேர்ல்டு ஓடிவிட்டது, ஆனால் மொழியைப் பற்றி எதுவும் புரிந்த மாதிரி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். (ஹலோ வேர்ல்டு என்பது திரையில் ஒரு வாழ்த்தைக் காட்டும் வழக்கமான முதல் ப்ரோகிராம்.) உங்களுக்கு விடை முன்பே தெரிந்த ஒரு கேள்வியை அந்த மொழியிடம் கேட்டுப் பாருங்கள். நான் எந்த மொழியைத் தொட்டாலும் முதலில் கேட்பது இதுதான்: ‘வணக்கம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

வ, ண, க், க, ம். ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கோலாங் (Go) என்ற மொழியைப் படிக்கத் தொடங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். ‘வணக்கம்’ என்ற சொல்லையும் அதன் நீளத்தையும் திரையில் காட்டும் ப்ரோகிராம், மொத்தம் நாலைந்து வரி. காப்பி அடித்து ஒட்டாமல் கையாலேயே அடித்தேன். சி மொழியில் எழுதிய பழக்கத்தில், ப்ரோகிராம் தொடங்கும் இடமான மெயின் ஃபங்ஷனின் நெளிவு அடைப்பை ({) அடுத்த வரியில் திறந்தேன்; எரர். சரிசெய்தேன். திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட்எல்என் (Println) என்பதில் ‘பி’யைச் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன், மறுபடி எரர். பார்த்தால் வெறும் தட்டச்சுப் பிழைகள். ஆனால் இரண்டின் பின்னாலும் மொழியின் அடிப்படை விதி இருக்கிறது. மெயினுக்குப் பின் வரும் அடைப்புக்குறியோடு வரி முடிந்தால் கோலாங் தானாகவே அங்கே ஒரு அரைப்புள்ளி போட்டுக்கொள்ளும். அதனால் நெளிவு அடைப்பு அதே வரியில் திறந்தாக வேண்டும். அதேபோல், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத்தான் இன்னொரு பேக்கேஜிலிருந்து (தயார் நிரல்களின் தொகுப்பிலிருந்து) கூப்பிட முடியும். ஒட்டி ஓட்டியிருந்தால் இவை எனக்குத் தெரியவே வந்திருக்காது. எரரை அழிக்க அவசரப்படாதீர்கள், ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

பிறகு ஓடியது. டெர்மினலில் ‘வணக்கம்’ வந்தது. அடுத்த வரியில் அதன் நீளம்: 21.

ஐந்து எழுத்துக்கு எப்படி 21? எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறியீடு. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு). ஏழு மூன்று இருபத்தொன்று. கோலாங் எண்ணித் தந்தது பைட்டை. பைதானிடம் இதையே கேட்டால் 7 என்று சொல்லும், ஸ்விஃப்ட் மொழி 5 என்று சொல்லும். ஒரு சொல்லை ஒவ்வொரு மொழியும் என்னவாகப் பார்க்கிறது என்பது அந்த ஒற்றை எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த யூடிஎஃப்-8ஐ 1992இல் வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும்தான், ராபர்ட் கிரீஸ்மருடன் சேர்ந்து 2007இல் கோலாங்கைத் தொடங்கினார்கள். தமிழை எழுதி ஓட்ட அதில் தனி செட்டிங் எதுவும் வேண்டியிராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அந்த 21ஐ 5 ஆக்குங்கள், அதுதான் உங்கள் நிஜமான முதல் ப்ரோகிராம். ஒரு ஃபார் லூப் போட்டு ரேஞ்ச் வைத்தால் குறியீடு குறியீடாக வரும், ஏழு கிடைக்கும். யூனிகோட் பேக்கேஜை இம்போர்ட் செய்து, அதிலுள்ள ‘இஸ்மார்க்’ ஃபங்ஷன் ‘ஆம்’ என்று சொல்லும் புள்ளி போன்ற குறிகளை ஒரு இஃப் போட்டுத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினால் ஐந்து. லூப், நிபந்தனை, மாறி (வேரியபிள்), இம்போர்ட் எல்லாம் பத்துப் பதினைந்து வரிக்குள் கைக்கு வந்துவிடும். (‘க்ஷ’ வந்தால் இந்தக் கணக்கு இடிக்கும். அதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

இதையெல்லாம் தொடங்கும் முன், இன்ஸ்டால் செய்ததும் டெர்மினலில் வெர்ஷனைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் பெரும்பாலும் பாத் செட்டிங்தான் (ப்ரோகிராம்களை எங்கே தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல்) காரணம், உங்கள் ப்ரோகிராம் அல்ல.

மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைத்தும் பார்த்தேன். ‘மரம்’ என்று வைத்தால் பைதான் ஏற்றுக்கொள்கிறது. கோலாங்கில் பெயருக்குள் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம். புள்ளியை அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் கடைசிப் புள்ளியைச் சுட்டி எரர் தந்தது. ‘நட’ என்று வைத்தேன், ஓடியது. நமக்குப் புள்ளி வைத்தால்தானே அது மெய்யெழுத்து. எனக்கு இதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.