நகையை அடகு வைத்து பி.இ.யா, கல்விக் கடனில் பி.சி.ஏ.வா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 48. மாதச் சம்பளம் 28,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவள் ஆசைப்பட்ட பி.சி.ஏ. இடம் கோவையில் கிடைத்துவிட்டது; ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய். ஆனால், 'பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் மதிப்பு' என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்க 3 லட்சம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டுமாம், ரசீது கிடையாது. அதற்குமேல் ஆண்டுக்கு 1.5 லட்சம் கட்டணம். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து, பி.எஃப். பணத்தையும் எடுத்துச் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. முன்பணம் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத அந்த 3 லட்சத்தை எந்த வங்கியும் கல்விக் கடனில் சேர்க்காது. இப்படிக் கல்லூரிச் சேர்க்கைக்கு நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. மகள் பாதியில் கல்லூரி மாற நேர்ந்தால், கொடுத்ததற்கு ஆதாரமே இல்லாத பணத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நன்கொடையை ஒதுக்கிவிட்டு, கட்டணத்தை மட்டும் பார்ப்போம். வட்டி வங்கிக்கு வங்கி மாறும், கணக்குக்காக 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். பி.இ.க்கு நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் கடன். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும்போது கடன் ஏறக்குறைய 8.2 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் 11,000 ரூபாய்க்குச் சற்று மேல். அப்போது உங்களுக்கு வயது 53. மகளுக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் அந்தத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். இத்தனைக்கும் நகைக்கடனை நான் இன்னும் சேர்க்கவில்லை.

பி.சி.ஏ.வுக்கு மூன்று ஆண்டுகளில் 1.8 லட்சம். படிக்கும்போதே மாதா மாதம் வட்டியைக் கட்டிவந்தால் முதல் ஆண்டு 525, இரண்டாம் ஆண்டு 1,050, அதன்பின் 1,575 ரூபாய். அசல் 1.8 லட்சத்தைத் தாண்டாது. ஐந்தாண்டுத் தவணை மாதம் 3,870 ரூபாய் அளவில் முடியும். இன்னொன்று: 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் உண்டு. கல்லூரி வழியாக உங்கள் மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு வட்டிக்கு அந்தப் பணமே போதும்.

வட்டியே கட்டாமலிருக்கவும் ஒரு வழி இருக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்குத் தவணை கட்டத் தேவையில்லாத காலத்துக்கான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. உங்கள் வருமானம் 3.36 லட்சம்தான். கல்லூரி நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று பெற்றதா என்று விசாரியுங்கள். 2024-25 முதல் பி.சி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலின் கீழ் வந்திருக்கிறது. அந்த ஒப்புதலையும் கேட்டு, இரண்டோடும் வங்கிக்குப் போங்கள்.

உறவினர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சில நிறுவனங்கள் கல்லூரி வளாகத்தில் நடத்தும் வேலைத் தேர்வுக்குப் பொறியியல் மாணவர்களை மட்டுமே அழைக்கின்றன. தொடக்கச் சம்பளத்திலும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நிரல் எழுதுவது, தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு ஆகிய அடிப்படைகள் இரண்டு படிப்பிலும் வருகின்றன. பி.சி.ஏ.வுக்குப் பின் எம்.சி.ஏ. இரண்டே ஆண்டு, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அரசுக் கல்லூரியில் சேர வழி இருக்கிறது. விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு தங்கள் செலவிலேயே எம்.டெக். படிக்கவைக்கின்றன. உங்கள் ஊர் ஏற்றுமதி நிறுவனங்களையே பாருங்கள்: ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாம் கணினியில்தான் ஓடுகின்றன. தரவுத்தளத்தோடு கணக்குப்பதிவும் தெரிந்த பெண்ணுக்கு அங்கே வேலை இருக்கும். அவளே விரும்பிக் கேட்கும் படிப்பு என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. உங்கள் முதுமைக்கு வேறு சேமிப்பு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நகைக்கடனும் இதற்குப் பொருந்தாது. பெரும்பாலும் ஓராண்டில் திருப்ப வேண்டிய கடனை, நான்கு ஆண்டு கழித்து வருமானம் தரும் படிப்புக்கு வாங்கினால், ஒவ்வோர் ஆண்டும் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் நகை ஏலத்துக்குப் போய்விடலாம்.

கல்விக் கடனை மகள் பெயரில், நீங்கள் இணைக் கடன்தாரராக இருந்து வாங்குங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ, உங்கள் பங்காகக் கட்டும் முன்பங்குத் தொகையோ தேவையில்லை. மகள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ், கட்டண விவரம், இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். மடிக்கணினி தேவை என்றால் அதையும் கடன் மதிப்பீட்டிலேயே கேளுங்கள். வங்கிக் கிளையில் வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம் நடத்தினால் அதற்கும் போய் வாருங்கள். கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்கியிருக்கும். வருமானச் சான்றுக்கு நாளையே விண்ணப்பித்துவிடுங்கள்.