பட்டன் டயரும் தார்ச்சாலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் நாலு சக்கர இழுவை வண்டி வாரம் முழுக்கத் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது. மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மலைத்தடம், மணல், கொஞ்சம் சேறு. ட்ரெட் (டயரின் தரையில் படும் வெட்டுப்பகுதி) எவ்வளவு ஆழமோ அவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லிக் கடைக்காரர் பெரிய பெரிய ரப்பர் கட்டைகள் கொண்ட பட்டன் டயரைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ட்ரெட் அமைப்பு, ஒரே ரப்பர் கலவை என்றால் ஆழம் கூடக்கூட ஆயுளும் கூடும். அமைப்பு மாறினால் அந்தக் கணக்கு செல்லாது. சாலைக்கான ஹெச்.டி. டயரில் புதிதில் 8, 9 மி.மீ. ஆழம் இருக்கும். ஆல் டெரெய்ன் எனும் ஏ.டி. டயரில் பொதுவாக 10 முதல் 13 மி.மீ. சேற்றுக்கென்றே செய்த எம்.டி. 14 மி.மீ.க்கும் மேலே போகும். ஆனாலும் தார்ச்சாலையில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் எம்.டி.தான்.

காரணம், பட்டனின் ஆட்டம். உயரமாகவும் தனித்தனியாகவும் நிற்கும் ரப்பர் கட்டை, பிரேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் சாய்ந்து வளைகிறது. வளைந்த கட்டையின் விளிம்பு தாரில் இழுபட்டு உரசுகிறது. வளைந்து நிமிர்வதில் சூடும் ஏறுகிறது. போதாததற்கு, கட்டைகளுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. அந்தக் கொஞ்ச ரப்பர்தான் வண்டியின் முழு எடையையும் சுமந்து தேய்கிறது.

உங்கள் ஓட்டத்துக்குச் சாலைப்பக்கம் சாய்ந்த ஏ.டி. டயர்தான் சரி. கடையில் பெயரைப் பார்க்காமல் டயரைப் பாருங்கள். நடுவரிசைக் கட்டைகள் ஒன்றையொன்று கோத்தாற்போல நெருக்கமாக இருக்க வேண்டும். கட்டைகளுக்கிடையே அடியில் ரப்பர் பாலம் போட்டு இணைத்திருந்தால் ஆட்டம் குறையும். கட்டைகளின் மேல் கத்தியால் கீறினாற்போலிருக்கும் மெல்லிய வெட்டுகள்தான் ஈரச்சாலையில் பிடிப்பைத் தருபவை. அவை எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் டயர் பாதி தேய்வதற்குள் மறைந்துவிடும். அதன்பின் மழையில் வழுக்கும். கட்டைகளுக்கிடையே ஓடும் காடியின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தால் நல்லது. சிக்கிய கல்லை வெளியே தள்ளுவது அவைதான். வெளியேறாத கல் ஓட ஓட உள்ளே துளைத்துக் கம்பி அடுக்கு வரை போய்விடும்.

ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவே ஆர்.டி. என்றொரு ரகம் வருகிறது. தோள்பட்டை, அதாவது ட்ரெட்டின் ஓரம், எம்.டி. போல முரடு, நடுப்பகுதி ஏ.டி. போல நெருக்கம். நிறையப்பேர் தோற்றத்துக்காக வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் தினசரி ஓட்டத்தில் கூடுதல் சத்தத்தையும் எரிபொருளையும் அந்தத் தோற்றத்துக்குக் கட்டணமாகக் கொடுக்கிறீர்கள். மாதாமாதம் முழங்கால் சேற்றில் இறங்குபவருக்கு மட்டுமே எம்.டி. தேவை.

கேள்வி: ஒரு டயரில் ட்ரெட்வேர் 600, இன்னொன்றில் 500 என்று பொறித்திருக்கிறது. 600 அதிகம் உழைக்குமா?

பதில்: இரண்டும் ஒரே நிறுவனத்தின் டயர் என்றால், ஓரளவுக்கு ஆம். டயர் எவ்வளவு தேய்வு தாங்கும் என்பதை 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டு அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்ளும் எண் அது. வேறு வேறு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. பாரம் ஏற்றும் சிறு டிரக்குகளுக்கான எல்.டி. வகை டயரில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. அதைக் குறையென்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: 10 பிளை எல்.டி. டயர் போட்டால் கல்லில் கிழியாது, ஆயுளும் கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: முதல் பாதியில் உண்மை உண்டு. இரண்டாவது பாதி நீங்கள் வைக்கும் காற்றைப் பொறுத்தது.

முதலில், 10 பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு என்று அர்த்தமல்ல. அது பழைய பருத்தி நூல் டயர் காலத்து வலிமைக் கணக்கு. டயரில் லோடு ரேஞ்ச் என்று பாரத்திறனைக் குறிக்கும் எழுத்து இருக்கும்: சி என்றால் 6, டி என்றால் 8, இ என்றால் 10. டயரின் பக்கச் சுவரான சைடுவாலில் உண்மையில் எத்தனை அடுக்கு என்பது அங்கேயே எழுதியிருக்கும். கல் தடத்துக்குப் பார்க்க வேண்டியது அதைத்தான். மூன்று அடுக்கு இருந்தால் நல்லது. ட்ரெட்டில் ஆணி குத்தினால் ஒட்டு போடலாம், சைடுவால் கிழிந்தால் டயர் முடிந்தது.

எல்.டி. டயர், அதே எடையைத் தாங்கச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று கேட்கும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றளவு தொழிற்சாலையில் போட்ட டயருக்கானது. எல்.டி. மாட்டிவிட்டு அதே அளவை வைத்தால் டயர் உள்ளுக்குள் தளர்ந்து ஓடும், சூடேறும், இரண்டு தோள்பட்டையும் நடுவைவிட வேகமாகத் தேயும். அப்போது ‘10 பிளை போட்டும் உழைக்கவில்லை’ என்று புகார் வருகிறது. டயர் நிறுவனத்தின் எடை-காற்று அட்டவணையைக் கேட்டு வாங்கி, அச்சுக்கு அச்சு எடை பார்த்து நிரப்புங்கள்.

எடைக் குறியீட்டு எண்ணையும் கவனியுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். எல்.டி.யில் 121/118 என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டிக்கானது. புது டயரின் எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது.

கூடாரம், தண்ணீர், உபகரணங்கள் என்று அடிக்கடி பாரம் ஏற்றுபவருக்கும், கூர்க்கல் தடத்தில் ஓட்டுபவருக்கும் எல்.டி. லாபம். மற்றவர்களுக்கு அது கனமான சக்கரம், குலுக்கல், கூடுதல் எரிபொருள்.

கேள்வி: 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 265/70 ஆர்17 மாட்டலாமா?

பதில்: இரண்டாவது எண், சைடுவாலின் உயரம் டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அது 65-லிருந்து 70 ஆனால் விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ.யிலிருந்து 803 மி.மீ. ஆகும். 3.4 சதவீதம் கூடுதல். தரை இடைவெளி கூடுவது அதில் பாதிதான், சுமார் 13 மி.மீ. ஸ்பீடோமீட்டர் கணக்கு பிசகிவிடும்: முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ல் போகும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிச் சஸ்பென்ஷனை அமுக்கி, உள் லைனர், மட்ஃபிளாப், சேஸிஸ் எங்காவது உரசுகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவாக மாற வேண்டும். முன்னும் பின்னும் வேறு விட்டத்தில் சக்கரம் இருக்க, ஃபோர் வீலைப் பூட்டி ஓட்டினால் இன்ஜின் சக்தியை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆபத்து.

கேள்வி: ஏ.டி. டயர் போட்டு 15,000 கி.மீ. ஆகிறது. ஆரம்பத்தில் இல்லாத ‘ஊ’ சத்தம் இப்போது பேச்சையே மறைக்கிறது. பேரிங்காக இருக்குமோ?

பதில்: பேரிங்கைச் சந்தேகிக்கும் முன் ட்ரெட்டைத் தடவிப் பாருங்கள். ஓடும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால் கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. ஏ.டி. டயர்களைக் காலத்துக்கு முன்பே கொல்வது இதுதான். அங்கங்கே குழி விழுந்தாற்போல இருந்தால் ஷாக் அப்சார்பரையும் சக்கர பேலன்சையும் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தில் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் கரைந்திருந்தால் அலைன்மென்ட். தடம் போய்வந்த பிறகு அது கலைந்திருப்பது சகஜம்.

ரம்பத் தேய்வுக்கு மருந்து, டயர்களை இடம் மாற்றுவது. ஏ.டி.க்கு 8,000 கி.மீ. தாண்டவிடாதீர்கள்; 6,000-த்தில் செய்தால் இன்னும் நல்லது. பின் சக்கரங்கள் நேராக முன்னால் வர, முன் சக்கரங்கள் குறுக்காகப் பின்னால் போக வேண்டும். குறுக்கே போகும் டயர் எதிர்த்திசையில் சுழல்வதால் தேயாத விளிம்பும் தேயத் தொடங்கும். பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும் டயரை மட்டும் பக்கம் மாற்றாமல் முன்பின்னாக மாற்றுங்கள். ஸ்டெப்னி அதே டயர் என்றால் அதையும் சுற்றில் சேர்த்தால் ஐந்தும் சமமாகத் தேயும். சத்தம் அன்றைக்கே நிற்காது. சில ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு மெல்லக் குறையும். பல் மிக ஆழமாகிவிட்டால் முழுக்கப் போகாது.

கேள்வி: மணலில் காற்று எவ்வளவு இறக்குவது? திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டினால் அப்படியே வீடு வரை வரலாமா?

பதில்: மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. கரடுமுரடான பாறைத்தடத்துக்கு 20 முதல் 25. சரளைச் சாலைக்கு 25-ஐ ஒட்டி. 15-க்குக் கீழே போனால், சட்டென்று திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். காற்று இறக்கிய டயரில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

வீடு வரை அப்படியே வரக் கூடாது. தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் கம்ப்ரஸரை எடுங்கள். தளர்ந்த சைடுவால் தாரில் வளைந்து வளைந்து சூடாகி உள்ளேயே பிரிந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. வெடிப்பது வேறொரு நாள்.

சாலைக் காற்று சரியா என்று அறிய ஒரு கைக்கணக்கு உண்டு. காலையில் குளிர்ந்த டயரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் அளக்கவும். சாதாரண டயரில் 4 பி.எஸ்.ஐ., எல்.டி.யில் 6 ஏறியிருந்தால் சரி. அதைவிட அதிகம் ஏறியிருந்தால் தொடக்கத்தில் காற்று குறைவாக இருந்தது என்று பொருள். பலர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஏறிவிட்டதே என்று சூடான டயரிலிருந்து காற்றை இறக்குகிறார்கள். இறக்காதீர்கள். ஆறிய பிறகு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: கடையில் இருப்பு டயரைத் தள்ளுபடியில் தருகிறார்கள். எவ்வளவு பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சைடுவாலில் டி.ஓ.டி. எழுத்துகளை அடுத்து வரும் தொடரின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வெயில் படாமல் வைத்த ஓராண்டு டயரை யோசிக்காமல் வாங்கலாம். நீங்கள் குறைவாக ஓட்டுபவர் என்றால் மூன்று நான்கு ஆண்டு பழைய டயர், எந்தத் தள்ளுபடியிலும் வேண்டாம். 6 ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் வெடிப்பு பார்க்க வேண்டும், 10 ஆண்டில் ட்ரெட் இருந்தாலும் கழற்ற வேண்டும். ட்ரெட் தீரும் முன் வயது தீர்ந்துவிடும். நான்கு டயரின் எண்களையும் படித்துப் பார்த்த பிறகு ரிம்மில் ஏற்றச் சொல்லுங்கள்; ஏற்றிய டயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை அபூர்வம்.