ஏற்காடு கோடை விழாவுக்குக் கைக்குழந்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: நானும் கணவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறோம். ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. சென்ற ஆண்டு ஏற்காடு கோடை விழாவுக்கு வாடகைக் காரில் போனோம். காலை பத்து மணிக்குக் கிளம்பி, மலைப்பாதையில் வண்டி வண்டியாக நின்று, மேலே போய்ச் சேர மதியம் இரண்டு ஆகிவிட்டது. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று காட்சி முனைகளைச் சுற்றிவிட்டு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மலர்க் கண்காட்சியைப் பார்க்காமலேயே இறங்கினோம். ஒன்பது வயது மகளுக்கு வழி முழுக்க வாந்தி வேறு. இந்த ஆண்டு பத்து மாதக் கைக்குழந்தையும், மூட்டுவலி உள்ள மாமியாரும் உடன் வருகிறார்கள். போகலாமா? எப்படிப் போவது? குழந்தையைக் கொழு கொழு குழந்தைகள் போட்டியில் சேர்க்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், சகோதரி. சென்ற ஆண்டு உங்கள் நாளைக் கெடுத்தது கூட்டமோ மழையோ அல்ல என்று நினைக்கிறேன். விழா நாளில் விழாவை விட்டுவிட்டு மலையைப் பார்க்கப் போனதுதான். லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்டும் ஆண்டு முழுவதும் அங்கேயேதான் இருக்கின்றன. மலர்க் கண்காட்சி இருப்பது அந்தச் சில நாட்கள் மட்டும். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் பூவின் பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்து பேசுவேன். ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கோடை விழாவின் பெரும்பகுதி ஏரியைச் சுற்றியே நடக்கிறது. மலர்க் கண்காட்சி நடக்கும் அண்ணா பூங்கா ஏரிக்குப் பக்கத்தில்தான். படகு இல்லமும் அங்கேதான். பஸ்ஸை விட்டு இறங்கி மெதுவாக நடந்தால் போதும், வேறு வண்டி ஏற வேண்டியதில்லை. மூட்டுவலிக்காரருக்கு நடப்பதைவிடத் திரும்பத் திரும்ப வண்டியில் ஏறி இறங்குவதுதான் பெரிய தண்டனை. ஆகவே காட்சி முனைகளை இந்த முறை முழுவதுமாக விட்டுவிடுங்கள். கிளியூர் நீர்வீழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். மே மாதத்தில் நல்ல மழை பெய்திருந்தால் ஒழிய அங்கே தண்ணீர் குறைவு, படிகளும் செங்குத்து.

இதே காரணத்துக்காக, வாடகைக் காருக்குப் பதில் அரசு பஸ்ஸே உங்களுக்கு நல்லது என்பேன். மலைப்பாதை நெரிசலில் பஸ்ஸும் நிற்கத்தான் செய்யும். ஆனால் மேலே போனபின் நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் அலைய வேண்டாம். விழா நாட்களில் சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து கூடுதல் பஸ்கள் விடுவார்கள். நடுவழியில் ஏறாமல் புதிய பஸ் நிலையத்துக்கே போய் ஏறுங்கள், அப்போதுதான் உட்கார இடம் கிடைக்கும். விடியற்காலை பஸ் எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமையே கேட்டு வைத்துவிடுங்கள். ஏழரை மணிக்குள் மேலே இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த நேரத்தில் ஏரியின் மேல் மூட்டம் முழுதாக விலகியிருக்காது. மாமியார் ஒரு டீ குடித்து, காலை நீட்டி உட்கார அவகாசம் கிடைக்கும். கண்காட்சி டிக்கெட் வரிசையிலும் நீங்கள் முன்னால் நிற்பீர்கள்.

திரும்பும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மதியம் ஒன்றரை மணிக்கு மேல் மலையில் இருக்க வேண்டாம். கோடையில் காலையெல்லாம் வெயில் தரையைச் சூடாக்குகிறது. சூடான காற்று ஈரத்தோடு மலைச்சரிவில் ஏறுகிறது. மேலே குளிர்ந்து மேகமாகக் கட்டி, பிற்பகலில் இடியோடு கொட்டுகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மே மாத மழைக்கு மூன்று மணி, நான்கு மணிதான் பிடித்த நேரம். மழை வந்தால் எல்லாரும் ஒரே சமயத்தில் இறங்கப் பார்ப்பார்கள், பாதை அடைத்துக்கொள்ளும். கூட்டமான நாட்களில் ஏறுகிற வண்டிகளை அடிவாரம் வழியாகவும் இறங்குகிறவற்றைக் குப்பனூர் வழியாகவும் விடுவது உண்டு. உங்கள் பஸ்ஸும் அப்படித் திரும்பினால் அயோத்தியாப்பட்டணம் சுற்றித்தான் வருவீர்கள். வழி மாறிவிட்டதே என்று பதற வேண்டாம்.

மகளின் வாந்திக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். உடம்பு திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண் மட்டும் முன் இருக்கையின் முதுகையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டும் மூளைக்கு வேறு வேறு சேதி சொல்கின்றன. அதுதான் குமட்டல். பஸ்ஸின் பின்பக்கம் ஆட்டம் அதிகம், எனவே முன்பாதியில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். கண்ணை மூடித் தூங்க வேண்டும், இல்லையென்றால் வெளியே தொலைவில் பார்க்க வேண்டும். கைபேசி கூடவே கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். பால் வேண்டாம். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள், பெரியவர்களுக்கானதை உடைத்துக் கொடுக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு ஏறும்போது காது அடைக்கும், அழும். விழுங்கினால் அடைப்பு விட்டுவிடும். பஸ் ஓரிடத்தில் நிற்கும்போதோ நேரான பாதையில் போகும்போதோ கொஞ்சம் பால் கொடுங்கள்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். ஆகவே கீழே கொதிக்கும் நாளிலும் மேலே எட்டு டிகிரி குறைவாக இருக்கும். பெரியவர்களுக்கு அது சுகம். வியர்வையில் நனைந்த சட்டையோடு இருக்கும் குழந்தைக்கு அது நடுக்கம். மாற்றுச் சட்டை இரண்டு, ஒரு குல்லாய், ஒரு குடை. மாமியாருக்கு மடக்கு முக்காலி இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள், பூங்காவில் உட்காரும் இடங்களுக்குப் போட்டி இருக்கும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை, விழா நாட்களில் சோதனையும் இருக்கும்.

சாப்பாடு கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் போதும். பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் வேண்டுமென்றால் ஊரிலேயே கட்டி வாங்கிப் போகாதீர்கள், மேலே போவதற்குள் ஊறி நமுத்துவிடும். தட்டுவடை தனியாக, காரட், பீட்ரூட் துருவல் தனியாக, சட்னி தனியாக எடுத்துப் போய் அங்கே வைத்துக் கொடுங்கள். ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியை இறங்கும் பயணத்துக்கு முன்னால் மகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி மலர்க் கண்காட்சி. மே கடைசியில் பூக்க வேண்டிய செடிக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. செண்டுமல்லி விதைத்து இரண்டு மாதத்தில் பூத்துவிடும். டேலியாவும் பெட்டூனியாவும் மூன்று மாதம் வரை கேட்கும். எல்லாம் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும் என்பதால் விதைக்கும் தேதியைப் பின்னோக்கி எண்ணி வைப்போம். நடுவில் ஒரு பெருமழை வந்தால் போதும், பெட்டூனியாவின் இதழ்கள் நனைந்த காகிதம்போலச் சுருண்டுவிடும், டேலியாவின் தலை தண்ணீர் கனத்தில் காம்போடு ஒடியும். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பூக்களைக் கைபேசிப் படத்துக்குப் பின்னணியாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

கண்காட்சியில் இரண்டு வகை உண்டு. யானை, கப்பல், கோபுரம் என்று வெட்டிய பூக்களைக் குத்திச் செய்யும் உருவங்கள் ஒன்று, தொட்டியில் வளர்ந்த செடிகள் மற்றொன்று. உருவங்களில் காம்பு ஈரப் பஞ்சில் செருகியிருக்கும். அதில் ரோஜா இரண்டு மூன்று நாளில் தலை தொங்கும், ஜெர்பராவின் கழுத்து வளையும். கார்னேஷன் ஒரு வாரம் வரை தாங்கும், ஆந்தூரியம் அதற்கும் மேல். ஆகவே உங்கள் ஞாயிறு விழாவின் தொடக்கத்தில் வந்தால் உருவங்களை முதலில் பாருங்கள். கடைசியில் வந்தால் அந்தப் பக்கக் கூட்டத்தில் குழந்தையோடு நுழையாமல் நேராகத் தொட்டிகளுக்குப் போங்கள். அவை கடைசி நாளிலும் அழகாகவே இருக்கும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே ஒரு பெரிய பூ நிற்கும் டேலியாச் செடியின் முன் அவளை உட்கார வைத்து, பூவுக்குக் கீழே இலை இடுக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு தழும்புகள் தெரியும். அங்கே வந்த பக்க மொட்டுகளை யாரோ விரல் நகத்தால் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் ஒரு பூவுக்குப் போனதால்தான் அது தட்டு அகலம் விரிந்திருக்கிறது. பக்கத்தில் புதர்போல நிறையப் பூத்திருக்கும் செண்டுமல்லியில் நடந்தது நேர் எதிர். சிறு வயதிலேயே நடுக்குருத்தைக் கிள்ளிவிட்டதால் அது பக்கங்களில் கிளைத்திருக்கிறது. நான் இதைச் சொல்லிக் கொடுத்த ஒரு சிறுமி, அன்று பூங்கா முழுக்கத் தழும்பு தேடிக்கொண்டே போனாள். அழைத்து வந்த தாத்தா சலிக்காமல் பின்னால் நடந்தார்.

படகு ஏறுவதானால் கண்காட்சி முடிந்ததும் காலையிலேயே ஏறிவிடுங்கள். மகளும் அப்பாவும் போகட்டும், உயிர்காப்பு உடுப்பைக் கட்டிக்கொண்டுதான். நீங்களும் மாமியாரும் குழந்தையோடு கரையில் இருங்கள்.

கொழு கொழு குழந்தைகள் போட்டிக்கு வருகிறேன். அது நடக்கும் நாள் உங்கள் ஞாயிறாகவே அமைந்தால், காத்திருக்கும் இடத்தில் நிழலும் காற்றும் இருந்தால், சேர்க்கலாம். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருங்கள். அதற்காகவே இன்னொரு நாள் வேலையை விட்டுப் போக வேண்டாம். போட்டிக்காகக் குழந்தைக்கு அளவுக்கு மீறி ஊட்டவும் வேண்டாம். பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்பது பொதுவான கணக்கு. அந்தப் பாதையில் உங்கள் குழந்தை இருந்தால் மெலிந்து தெரிந்தாலும் ஆரோக்கியமே. மகளுக்குக் கோலத்தில் ஆர்வம் இருந்தால் அன்றன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் போட்டி ஏதாவது உண்டா என்று கேளுங்கள். நாய்கள் கண்காட்சி, சமையல் போட்டி எல்லாம் ஒவ்வொரு நாளில் வரும். விழா தொடங்குமுன் நாளிதழ்களில் நிரல் வந்துவிடும்.

விழா ஏறத்தாழ ஒரு வாரம் நடக்கும். பட்டறை முதலாளியிடம் கேட்டு செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள் வாங்க முடிந்தால், ஞாயிறு அன்றைக்கு நீங்கள் வேலை செய்து ஈடுகட்டலாம். வார நடுவில் கூட்டம் குறைவு என்பதால் அந்த ஒரு மாற்றம் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

இதே மே மாதத்தில்தான் மலையுச்சியில் சேர்வராயன் கோவில் திருவிழாவும் வரும். அது இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் எடுக்கும் விழா. போனால் கும்பிடப் போங்கள், வேடிக்கைக்காக அல்ல. குகைக்கோவில் வாசல் தாழ்வானது, மாமியாரால் குனிய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவரைக் காட்சி முனைகளுக்கு அழைத்துப் போக மழை ஓய்ந்த ஜனவரி நல்ல மாதம். அப்போது தேசிய ஆர்கிட் பூங்காவையும் காட்டலாம். 1963இல் தொடங்கிய தோட்டம் அது. பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியை அங்கே பார்த்தால் மகள் லேசில் கிளம்ப மாட்டாள்.

கிளம்பும்போது செடி விற்கும் கடைகள் கண்ணை இழுக்கும். டேலியா, ஹைட்ராஞ்சியா, பியூஷியா எதையும் வாங்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டை வெயிலில் பத்து நாள் தாங்காது. மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்செடிதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால் செண்டுமல்லி விதை ஒரு பொட்டலம் போதும், அது சேலத்து மொட்டை மாடியிலும் வரும். நாற்று அரையடி உயர்ந்ததும் நடுக்குருத்தை அவளையே கிள்ளச் சொல்லுங்கள்.