கேள்வி–பதில்: எண்ண வேண்டியது பட்டைகளையா, இடைவெளிகளையா?

கேள்வி: வீட்டு வளவில் இரவில் யங்கின் இரட்டைப்பிளவு ஆய்வு (இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே ஒளியைச் செலுத்தி, சுவரில் விழும் பொலிவு, கருமைப் பட்டைகளை அளப்பது) செய்தேன். சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். கடையில் வாங்கிய தகட்டில் பிளவு இடைவெளி 0.25 மி.மீ., பிளவின் அகலம் 0.05 மி.மீ.; சுவர் 2 மீட்டர் தள்ளி. கணக்குப்படி பட்டை அகலம், அதாவது அடுத்தடுத்த இரு பொலிவுப் பட்டைகளின் நடுவுக்கு நடு தூரம், 5.2 மி.மீ. ஆனால் 9 பொலிவுப் பட்டைகள் 41.6 மி.மீ.க்குள் அடங்கின. வகுத்தால் 4.6தான் வருகிறது. எங்கே பிசகு?
– பிளஸ் டூ மாணவி, காரைக்குடி

பதில்: அளந்தது சரி, வகுத்தது தவறு. முதல் பட்டையின் நடுவிலிருந்து ஒன்பதாவதன் நடுவரை இருப்பவை 8 இடைவெளிகளே. 41.6 ÷ 8 = 5.2. சூத்திரம் சொன்னதும் அதுதான்: அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, பிளவு இடைவெளியால் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிக்கொண்டு போடுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒன்பதோடு பட்டைகள் நின்றதற்கும் காரணம் உண்டு. 0.25 என்பது 0.05ஐப் போல் 5 மடங்கு. அதனால் நடுப்பட்டையிலிருந்து இருபுறமும் ஐந்தாவது பட்டை விழவேண்டிய இடத்தில், ஒவ்வொரு பிளவும் தனியாக ஒளி அனுப்பாத இருட்டு விழுகிறது. அதைத் தாண்டி மங்கலாக மறுபடி பட்டைகள் தெரியும். அவற்றைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் சறுக்கும். பிளவு இடைவெளியை நடுவுக்கு நடு எடுக்க வேண்டும். உள்விளிம்புக்கு உள்விளிம்பு எடுத்தால் 0.20 ஆகி, விடை 6.5 மி.மீ. என்று ஏறிவிடும். தூரத்தை லேசரிலிருந்து அல்ல, தகட்டிலிருந்து அளக்க வேண்டும். மலிவான லேசர்களின் மேல் 630–680 என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், ஆகவே 5.0 முதல் 5.4 வரை எது வந்தாலும் கவலை வேண்டாம்.

கேள்வி: புகைக்கரி பூசிய கண்ணாடியில் இரண்டு பிளேடுகளைச் சேர்த்துக் கீறினேன். அதே 2 மீட்டரில் பட்டைகள் 13 மி.மீ. இடைவெளியில், வெளிறித் தெரிகின்றன. தகடு கெட்டதா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: இடைவெளியில் குறை இல்லை. ஷேவிங் பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; கீறல்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி என்றால் பட்டைகளுக்கு 13 மி.மீ.தான் வரும். வெளிறுவது வேறு கதை: ஒரு கீறலில் கரி மிச்சமிருந்தால் இரண்டு ஒளியும் சமமாக இராது, கருமைப் பட்டை முழுக்க இருளாது. இரண்டு பிளேடையும் ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பில் கீறுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய நம்மூர்ச் சுவர் லேசரைக் கண்ணுக்கே திருப்பிவிடும்; வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: தண்ணீருக்குள் செய்தால்?
– கானாடுகாத்தான் மாணவர்

பதில்: அலைநீளம் 1.33 மடங்கு குறையும், 5.2 மி.மீ. 3.9 ஆகும். பிளவும் திரையும் இரண்டுமே நீருக்குள் இருந்தால் மட்டும். தகட்டை மட்டும் சின்னத் தொட்டியில் வைத்து, சுவரை 2 மீட்டர் தள்ளி விட்டால் வித்தியாசம் அளவுகோலுக்கே தெரியாது.