கூகுளே பதில் சொல்லிட்டா நம்ம தளத்துக்கு யார் வருவா? – ரங்கூனிலிருந்து எஸ்இஓ கேள்வி பதில்

"எஸ்இஓ, அதாவது கூகுள்ல தேடினா நம்ம தளம் முன்னாடி வர்ற மாதிரி செய்யற வேலை, இனி எப்படி இருக்கும்னு கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்"னு போன வாரம் எழுதியிருந்தேன். ரங்கூன்ல கடை கண்ணிக்குத் தளம் கட்டித் தர்றதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன். கரண்ட் இருந்த நேரத்துல எழுதினது, முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

கேள்வி (பெகு, பலசரக்குக் கடை): அண்ணே, ஏஐ வந்துட்டதால எஸ்இஓ செத்துப்போச்சுங்கிறாங்களே?

2009-ல மெட்டா கீவேர்டை (பக்கத்துக்குள்ள மறைவா எழுதி வைக்கிற தேடுசொல் பட்டியல்) வரிசைப்படுத்தக் கணக்குல எடுக்கறதில்லைன்னு கூகுள் சொன்னப்பவும் இதே ஒப்பாரிதான் தம்பி. 2011-ல பாண்டா, 2012-ல பெங்குவின்னு கூகுள் தன் வரிசைப்படுத்தற முறையை மாத்தினப்பவும் இதேதான். ஒவ்வொரு தடவையும் செத்தது ஏதோ ஒரு குறுக்குவழி.

ஆனா இந்தத் தடவை பயத்துல நியாயம் இருக்கு. முன்னெல்லாம் கூகுள் வழி சொல்லி நம்ம வீட்டுக்கு ஆளை அனுப்பும். இப்ப பல கேள்விக்கு வாசல்லயே பதில் சொல்லி அனுப்பிடுது. அமெரிக்காவுல 2024 மே மாசம் ஏஐ ஓவர்வியூவை (தேடல் முடிவுக்கு மேலேயே ஏஐ எழுதித் தர்ற சுருக்கம்) எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. 2025 மார்ச்ல அங்குள்ளவங்க தேடினதை ப்யூ ஆய்வு மையம் பார்த்துச்சு. ஏஐ சுருக்கம் வந்த தேடல்ல நூத்துக்கு 8 தடவைதான் கீழே இருக்கிற இணைப்பைத் தட்டியிருக்காங்க. சுருக்கம் வராத இடத்துல 15. ஏறக்குறைய பாதி போச்சு.

கேள்வி (பயின்னவுங் சந்தை, பருப்பு ஏற்றுமதி): தூத்துக்குடி, சென்னைக்கு உளுந்து அனுப்பறோம். "உளுந்தின் நன்மைகள்" மாதிரி 40 கட்டுரை காசு கொடுத்து எழுதி வாங்கிப் போட்டேன். ஒரு விசாரணைகூட வரலை.

வராதுங்க. உளுந்துல புரதம் இருக்குன்னு சொல்ல இனி உங்க தளம் எதுக்கு? மெஷினே சொல்லிடும். எண்ணிக்கைக்காக இப்படி மூட்டை மூட்டையா எழுதித் தள்றதை ஸ்பாம்னு 2024 மார்ச்லயே கூகுள் விதியில சேர்த்துட்டாங்க. அந்த 40-ஐயும் எடுத்துருங்க, மனசு வலிச்சாலும் பரவாயில்லை.

மெஷினுக்குத் தெரியாதது உங்க கிடங்குல இருக்கு. எஃப்ஏக்யூ (சராசரித் தரம்) உளுந்தையும் எஸ்க்யூ (உயர் தரம்) உளுந்தையும் ரெண்டு உள்ளங்கையில வெச்சு, வெயில்ல, பக்கத்துல இருந்து ஒரு படம் எடுங்க. மணி அளவுல, பளபளப்புல என்ன வித்தியாசம்னு நீங்க தரகர்கிட்ட சொல்ற அதே பேச்சுல எழுதுங்க. இன்னிக்கு விலை, எந்தத் தேதி விலை, ஈரப்பதம் எவ்வளவு, அடுத்த கப்பல்ல எத்தனை டன் போகுதுன்னு ஒரே பக்கத்துல போட்டு, தினம் காலையில அதையே மாத்துங்க. தூத்துக்குடி மில்லுக்காரர் ஏஐகிட்ட கேட்டாலும் அது எங்கேயிருந்தாவது எடுத்துத்தானே சொல்லணும்? எடுக்கிற இடம் நீங்களா இருங்க. 2022 டிசம்பர்ல கூகுள் தன் தர மதிப்பீட்டுக் கையேட்டுல "அனுபவம்"னு ஒரு வார்த்தையைப் புதுசா சேர்த்ததும் இதுக்காகத்தான்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி (மோல்மீன், கோயில் கமிட்டி): எங்க கோயில் தளம் பழசு. தமிழ்ல நிறைய வரலாறு இருக்கு, தேடினா ஒரு வரிகூட வரமாட்டேங்குது.

இணைப்பைப் பார்த்தேன் ஐயா. முழுக்க பாமினி எழுத்துரு, அதாவது ஆங்கில எழுத்து மேலயே தமிழ் வடிவத்தைப் போர்த்தின பழைய முறை. நீங்க "அம்மா"ன்னு படிக்கிற இடத்துல கூகுளுக்குத் தெரியறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதை யாரு தேடுவா?

பர்மிய மொழியில ஸாஜிங்கிற பழைய எழுத்துருவால பட்டது ஞாபகம் இருக்கும். ஒரே சொல் ஸாஜியில ஒரு மாதிரி, உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடுல ஒரு மாதிரி. பார்வைக்கு ஒண்ணு, மெஷினுக்கு வேற வேற. 2019 அக்டோபர் 1-ல நாடே யூனிகோடுக்கு மாறுச்சு. நம்ம தமிழ்ப் பக்கங்கள் பல இன்னும் மாறலை. எஸ்இஓவுக்கு முன்னாடி செய்யவேண்டிய வேலை இது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாத்தித் தர்ற கருவி இலவசமாவே கிடைக்குது. மாத்தினதும் ஒரு ஆள் உட்கார்ந்து வரிவரியா சரிபார்க்கணும். கொம்பு, கால் இடம் மாறி நிக்கும். ஏஐயும் யூனிகோடைத்தான் ஒழுங்காப் படிக்கும்.

கேள்வி (ஒரு அக்கா, தையல் கடை): முதல் பக்கம் கேரண்டின்னு சொல்லி ஒருத்தர் முன்பணம் கேக்கறார்.

கொடுக்காதீங்கக்கா. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. நானும் ஆரம்பத்துல ஒருத்தர்கிட்ட ஏமாந்தவன்தான். இப்ப அதையே "ஏஐல உங்க பேரை வரவைக்கிறேன்"னு புதுப் பேர்ல விக்கிறாங்க.

கேள்வி: ஏஐ நம்ம எழுத்தை எடுக்காம தடுக்கலாமா?

தளத்துல எந்த பாட் வரலாம், வரக்கூடாதுன்னு எழுதி வைக்கிற ரோபாட்ஸ் கோப்புல, சாட்ஜிபிடி கம்பெனிக்காகப் பக்கங்களை எடுக்கிற ஜிபிடிபாட்டைத் தடுக்கலாம். கூகுளோட ஜெமினி ஏஐக்கு நம்ம எழுத்து போகாம தடுக்க கூகுள்-எக்ஸ்டெண்டட்னு ஒண்ணு இருக்கு, அதைத் தடுத்தா தேடல் வரிசை பாதிக்காது. ஆனா ஏஐ ஓவர்வியூ அதுல அடங்காது; அது தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கிற வழக்கமான கூகுள்பாட் எடுத்ததுல இருந்தே வருது. அதையும் தடுத்தா தேடல்லயே காணாமப் போயிடுவீங்க. எழுத்தாளர்னா யோசிங்க. கடைக்காரருக்கு எதுக்கு?

கேள்வி (பசுண்டாங், சைவச் சாப்பாட்டுக் கடை): பக்கத்துத் தெருக்காரங்க தேடினாலே எங்க கடை வரலை.

2021 பிப்ரவரியில ஃபேஸ்புக்கை மூடினதுல இருந்து பாதிப் பேர் போன்ல விபிஎன் (இணையத்தை வேற நாடு வழியா சுத்தி விடற செயலி) ஓடிக்கிட்டே இருக்கே, அதனால வந்த வினை. போன்ல இருப்பிடத்தை அணைச்சிருந்தா, அடுத்த தெருவுல நிக்கிறவரை கூகுள் சிங்கப்பூர்ல இருக்கிறதா நினைச்சுக்கும். "பக்கத்துல தோசை"ன்னு கேட்டா சிராங்கூன் ரோட்டுக் கடையைக் காட்டும். ஜனங்களும் புரிஞ்சுக்கிட்டு ஊர்ப் பேரைச் சேர்த்தே தேடப் பழகிட்டாங்க. அதனால தலைப்புலயே பசுண்டாங்னு தமிழ்லயும் பர்மிய யூனிகோடுலயும் போடுங்க. மேப்புல உங்க பின் இப்ப எதிர்ச்சந்துல நிக்குது. அதை இழுத்துக் கடை வாசல்ல வெச்சுட்டு, போர்டு தெரியற மாதிரி ஒரு படம் போடுங்க. ஒரு மாசம் பார்த்துட்டு எழுதுங்க.